ஓடும்போது மட்டும் குளிர்

1

மாம்பழச் சாலையில் பானட் திறந்து நின்ற ஒரு காரைப் பார்த்தேன். ஒருவர் முன்னால் குனிந்திருந்தார். பின்னிருக்கையில் ஒரு பெண், மடியில் பெரிய அட்டைப்பெட்டி. அவ்வளவு வெயிலிலும் அவர் இறங்கவில்லை. பெட்டியில் என்ன என்று கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

2

மே மாத வெயில் திருச்சியை

(வேண்டாம். திருச்சிக்காரர்களுக்கு வெயிலை விளக்க நான் யார்?)

ஜென்சிக்கு அந்தக் கேக்

(இதுவும் இல்லை. ஆனால் கேக் இருக்கட்டும்.)

ஜென்சியின் மடியில் இருந்தது மூன்று அடுக்கு கேக். முட்டை இல்லாதது, மேலெல்லாம் வெண்ணெய்க் கிரீம். பாலக்கரை வீட்டில் பிறந்தநாள் கேக் செய்து விற்பவளுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த முதல் கல்யாண ஆர்டர். உருகிப்போனால் காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இனி யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

பாலம் தாண்டும்வரை ஏசி குளிர்ந்தது. மாம்பழச் சாலை நெரிசலில் நின்றதும் அனல் அடித்தது. அவள் கணவன் பிரிட்டோ வண்டியை ஓரம் கட்டினான்.

3

"முன்னாடி ஃபேன் சுத்தல, ஜென்சி."

"உள்ள காத்து வருதேங்க?"

"அது வேற. இது ரேடியேட்டர்கிட்ட இருக்கிறது. ஏசி சூட்டை வெளிய தள்ளறது."

"சுத்தலைன்னா சுத்த வைங்க. கிரீமுக்கு வேர்க்குது."

பிரிட்டோவை முதலில் இன்ஜினியராக எழுதியிருந்தேன். கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இப்போது அவன் பள்ளியில் வரலாறு நடத்துகிறான். போனில் வீடியோ பார்த்துப் பழுது பார்க்கிறான்.

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். கம்பி அறுபடவில்லை. ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலேயைக் கழற்றி, அதே அளவிலிருந்த ஹாரன் ரிலேயோடு இடம் மாற்றினான். ஹாரன் அடித்தது. ஃபேன் சுற்றவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, குடைக்காம்பால் இறக்கையைத் தள்ளினான். தடையில்லாமல் சுற்றி நின்றது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"மிக்ஸியப் பிரிச்சுப் போட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க."

(எனக்கும் புரியவில்லை. துவாக்குடியில் இருக்கும் மெக்கானிக் வீரமலைக்குப் போன் செய்தேன். "மோட்டாரா இருக்கலாம், வயரா இருக்கலாம், சென்சாரா இருக்கலாம். வண்டிய எடுத்துட்டு வாங்க சார்" என்றார். எந்த வண்டியை?)

4

மணப்பெண்ணின் அக்கா தேவதர்ஷினி போன் செய்தாள்.

"கேக் கிளம்பிடுத்தா?"

"பக்கத்துல வந்துட்டோம்ங்க. ஹால்ல ஏசி போட்டாச்சா?"

"சாயங்காலம் ரிசப்ஷனுக்குத்தான் போடுவாளாம். அதுவரைக்கும் எங்காத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்கோளேன்."

"மூணு அடுக்குங்க. உள்ள நுழையாது."

வீட்டுக்கே திரும்பலாமே என்பீர்கள். பாலக்கரையில் அன்று பராமரிப்புக்காக மின்தடை. (நிறுத்தியது நான்தான். மன்னிக்கவும்.)

ஜென்சி பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மேலடுக்கில் ஒரு கிரீம் ரோஜா தலை சாய்ந்திருந்தது.

"ஏங்க, பாலத்துல வரப்ப ஜில்லுனுதானே இருந்துச்சு?"

"வண்டி ஓடறப்ப எதிர்க்காத்தே அந்த வேலையச் செஞ்சிடும். நின்னாத்தான் ஃபேன் வேணும்."

சொல்லிவிட்டு அவனே நிமிர்ந்தான்.

"அப்ப எதுக்குங்க நிக்கிறோம்?"

பிரிட்டோ பானட்டை மூடினான். கேள்வி எனக்கும்தான். மூன்றாம் பகுதி முழுக்க அவர்களை நிறுத்தி வைத்திருந்தவன் நான்.

5

"எங்க போறது?"

"எங்கயாவது. நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"முக்கொம்பு அணை வரைக்கும் போயிட்டு வருவமா?"

"கேக்கைக் கூட்டிக்கிட்டா? நான் கேட்டப்ப எல்லாம் லீவு இல்லைன்னீங்க."

திரும்பவும் பாலம் ஏறி, கரூர் ரோட்டைப் பிடித்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஏசி குளிர்ந்தது. ஜென்சி முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஹாலில் முன்பே ஏசி போட்டுவிடுகிறார்கள், கேக்கை இறக்குகிறார்கள். (யார் சொல்லிப் போட்டார்கள்?)

வீரமலை வந்து ஒரு வயரைத் தொடுகிறார், ஃபேன் சுற்றுகிறது. (எந்த வயரை?)

கேக் சரிந்துவிடுகிறது. தேவதர்ஷினி திட்டவில்லை. "பரவால்லை" என்கிறாள். ஜென்சி அதற்கு

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

எல்லா முடிவிலும் வண்டி எங்கேயோ நிற்கிறது. நான் முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தில் பெட்டிக்குள் சூடு ஏறத் தொடங்கும். அதனால் இனி வைப்பதாக இல்லை

சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வலப்பக்கம் காவிரி கூடவே வருகிறது, ஜென்சியின் உள்ளங்கை பெட்டி மூடியின் மேல் இருக்கிறது, மூடி குளிர்கிறது, முன்னால் ஒரு டவுன் பஸ் ஆள் இறக்க வேகம் குறைக்கிறது, எதிரே லாரி, பிரிட்டோ ஹாரன் அடிக்கிறான், "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்கிறாள் ஜென்சி, அவன் கால் பிரேக்கின் மேல் இருக்கிறது, பேனா உங்களிடம்,