கணையக் கட்டியும் ஈரத் துண்டும்

சிறுநீரகக் கல் என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், கல் இல்லை, கணையத்தின் வால் பக்கம் ஒரு நீர்க்கட்டி இருக்கிறது என்றார்கள். வயிற்று டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "திராட்சை அளவுதான். இப்போ ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாப்போம்" என்றார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். சரிசெய்ய முடியும் என்றால் உடனே கழற்றிவிடுவோம். கட்டடத்தையே இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த லிஃப்டைத்தான், "ஓடுற வரைக்கும் ஓடட்டும், பாப்போம்" என்று விடுவோம்.

அறையை விட்டு வெளியே வந்ததும் மனைவி, "கைப்பையை வச்சுட்டு வந்துட்டேங்க" என்று திரும்ப உள்ளே போனாள். பை அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வாடகைக் காரில், எங்களோடேயே இருக்கிற, முன் இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மச்சினன் அன்று பின்னால் ஏறிக்கொண்டு, "மாமா, நீங்க முன்னாடி உக்காருங்க" என்றான். வீட்டில் டிவி ரிமோட் தானாக என் கைக்கு வந்தது. எதற்கும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, குளித்துவிட்டு ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அதற்காக வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான். அவள் வாயே திறக்காமல் எடுத்துக் கொடியில் உலர்த்தினாள். ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

ஒருவரிடமும் மூச்சுவிடாமல் வேறொரு ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவரைப் பார்த்தேன்.

"எடுத்துடலாம்" என்றார் அவர். "கணையத்தோட வாலும் அநேகமா மண்ணீரலும் சேர்ந்து போகும். பின்னாடி சர்க்கரை வந்தாலும் வரலாம். வர்ற வியாழக்கிழமை இடம் இருக்கு."

கழற்றலாம் என்று சொல்கிற ஆள்! அந்த இடத்திலேயே தலையாட்டிவிட்டேன். பழைய ஸ்கேன் படங்கள் மட்டும் வேண்டும் என்றார்.

அவற்றை வாங்க வயிற்று டாக்டரிடம் தனியாகப் போனவன், கேட்டேவிட்டேன். "டாக்டர், என் வீட்டுக்காரி உங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்கா? எதை மறைக்கிறீங்க?"

அவர் பேனாவை மூடினார். "முதல் நாள் பையைத் தேடி வந்தவங்க இதையேதான் கேட்டாங்க. திங்கக்கிழமை மறுபடியும் வந்தாங்க. 'அவர் ராத்திரி பகலா பேசாம உக்காந்திருக்கார், பீரோவை ஒழுங்குபண்றார். அவருக்கு மட்டும் ஏதோ சொல்லியிருக்கீங்க'ன்னு ஒரே சண்டை. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"அப்போ நிஜமாவே ஒண்ணுமில்லையா?"

"கட்டி இருக்கு. ஆனா உள்ளே கெட்டியா எதுவும் இல்லை, கணையக் குழாயும் வீங்கலை. அதுல ஏதாவது மாறினா, இல்ல வேகமா வளர்ந்தா, நானே உங்களைக் கத்திக்கு அனுப்புவேன். நடுவுல சந்தேகம் வந்தா வாய் வழியா குழாய் விட்டு, ஊசியால நீர் எடுத்துச் சோதிக்கலாம். இந்த அளவுக்கு இப்ப அதுவும் வேண்டாம். ஆபரேஷன் பெரிசு. தேவைப்படுறப்ப பண்ணிக்கலாம்."

"உங்க சொந்தத் தம்பியா இருந்தா?"

"இதேதான். கூடவே, இவ்வளவு சந்தேகப்படாதேடான்னு ஒரு குட்டு வைப்பேன்."

படங்களோடு வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். வியாழக்கிழமை என்றதும் மனைவியின் முகம் வெளுத்தது. பிறகு படுக்கையறைப் பக்கம் திரும்பியவள், காலையில் நான் போட்டுவிட்டுப் போன துண்டைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை சொல்றது! மெத்தை என்ன உங்க துணி காயப்போடுற இடமா? உங்கம்மா வளர்த்த லட்சணம்! கல்யாணத்தன்னிக்கே பந்தியில ஈரக் கையை என் புடவையில துடைச்ச ஆளுதானே நீங்க? யாருக்கும் சொல்லாம வயித்தைக் கிழிச்சுக்கப் போனாராம், பெரிய வீரர்!"

மச்சினன் சத்தமில்லாமல் ரிமோட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

திட்டச் சொல்லி டாக்டர்தான் ஏவிவிட்டிருப்பாரோ என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பந்தியில் கை துடைத்த கதை அவருக்கு எப்படித் தெரியும்? அவள் இன்னும் முடிக்கவில்லை. நான் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, வியாழக்கிழமை வரவில்லை என்று சொல்ல ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன்.