முன்கூட்டி அடித்த ரிப்போர்ட்

சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு திரும்பிய செல்லக்கனி, மேசைமேல் வைத்துவிட்டுப் போன சோதனை ரிப்போர்ட்டைக் காணாமல் முதலில் மின்விசிறியைத்தான் சந்தேகப்பட்டாள். குனிந்து மேசைக்கடியில் தேடினாள். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே லாரி நிற்கும் இடமும் காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் இசக்கியப்பன். பிரேக் லிவர்களைச் சோதித்தே பதினோரு வருஷத்தை ஓட்டியவர். கையிலிருந்த லிவரை அவள் முன்னால் வைத்தார்.

“கனி, இன்னைக்கு லிவர் லாட்ட முழுசா நிப்பாட்டிட்டேன் பாத்துக்க. இந்தா, முடி கணக்கா கீறல். நாலஞ்சுல இருக்கு. ஏத்திராதீங்க.”

ஏற்றியாகிவிட்டது. கூடவே, எல்லாம் சரி என்று முத்திரை குத்திய ரிப்போர்ட்டும் போய்விட்டது. சோதனை முடியாமல் ரிப்போர்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் கூத்தையும் சொல்லத்தானே வேண்டும்.

போன மாசம் சர்வரை மாற்றினார்கள். புதுசை அம்பத்தூர் ஹெட் ஆபீஸில் வைத்துவிட்டு, இங்கே ஒரகடம் தொழிற்சாலையில் இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்க்கலாம், எல்லாம் பறக்கும் என்றார்கள். பறக்கத்தான் செய்தது, பிரிண்ட் கொடுக்கிற வரைக்கும். பத்து விநாடியில் வந்துகொண்டிருந்த தாள் ஒன்பது நிமிஷம் எடுத்தது. ரிப்போர்ட்டோ நாலு தாள். கம்ப்யூட்டர் ஆட்கள் போனில், பார்க்கிறோம் மேடம் என்றார்கள். இன்றைக்கு வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். வண்டி பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பாவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து பைக் கம்பெனியில் லைன் நின்றுவிடும். இரண்டு நாள் லேட்டானதற்கே அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. முந்தின நாள் அளவுகளை அப்படியே விட்டு, அன்றைய சரக்கின் லாட் நம்பரை மட்டும் மாற்றிக் காலையிலேயே பிரிண்ட் அடித்துவிடுவாள். மதியம் இசக்கியப்பன் வந்து சரி என்றதும் முத்திரை. அவரும் தினமும் சரி என்றுதான் சொன்னார். வண்டி நேரத்துக்குப் போக, மேனேஜர் வனமாமலை எல்லோர் முன்னாலும் அவளைக் கெட்டிக்காரி என்றார். இன்றைக்குப் பசி அவசரத்தில் முத்திரையையும் முன்னாலேயே குத்திவிட்டாள். முத்திரை இருந்தால் ஏற்றலாம் என்பதுதான் லோடு ஆட்களுக்குத் தெரிந்த சட்டம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

லாரி டிரைவர் மண்ணாங்கட்டிக்குப் போன் போட்டாள்.

“இன்னாம்மா, இப்போ வந்து சொல்ற? எல்லாத்தியும் எறக்கிட்டாங்கோ. ரெண்டு மணிக்கு லைனுக்குப் போவுதாம்.”

மணி ஒன்று நாற்பது. விஷயம் காதுக்குப் போய் வனமாமலை ஓடிவந்தார். முதலில் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, நாலஞ்சு லிவர்தானே, எல்லாமா உடையப் போகிறது, நாளைக்கு நைசாக மாற்றிக்கொள்ளலாம், நீ பாட்டுக்குப் போன் பண்ணிவைக்காதே என்றார். பெர்மனன்ட் லிஸ்டில் அவள் பெயரை எழுதியிருப்பதையும் ஞாபகப்படுத்தினார். நாலு வருஷமாகக் காத்திருந்த லிஸ்ட். குன்றத்தூர் ஹாஸ்டலில் ஆறு பேர் படுக்கும் அறையை விட்டு ஒரு வீடு பார்த்து, ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்துவிடலாம் என்று அவள் வைத்திருந்த கனவெல்லாம் அதில்தான் இருந்தது. ஆனால் தினமும் கம்பெனி பஸ்ஸை முந்திக்கொண்டு போகிற பைக்குகளும் கண்முன் வந்தன. டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்துப் போகிறவர்கள்தான் அதில் பாதி.

அவள் போனை எடுத்தாள். பைக் கம்பெனியில் சரக்கு வாங்கி வைக்கிற ஜாஸ்மினிடம், கீறல் இருக்கிறது, ரிப்போர்ட் சோதனைக்கு முன்னால் அடித்தது, தப்பு என்னுடையது என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஜாஸ்மின் போனை அப்படியே வைத்துவிட்டு ஓடுவது கேட்டது. திரும்பி வர ஆறு நிமிஷம் ஆயிற்று.

“நிறுத்திட்டேங்க. நல்ல வேள, ஒண்ணும் வண்டியில மாட்டல.” மூச்சு வாங்கியது. “ஒண்ணு கேக்கணும். முன்னாடியே அடிச்சது இது ஒண்ணு மட்டும்தானா?”

செல்லக்கனி இசக்கியப்பனைப் பார்த்தாள். முன்னால் போன லாட்டுகளையெல்லாம் அவர் ஒழுங்காகத்தான் சோதித்தார். ஆனால் போன தாள்களில் இருந்தது அவர் எடுத்த அளவு இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த லிவர்களோடு ரோட்டில் ஓடுகிற அத்தனை பைக்கையும் கம்பெனி திருப்பிக் கூப்பிட வேண்டிவரலாம். அவருடைய பதினோரு வருஷப் பேரும் சேர்ந்து நாறும். அவருக்கும் கேள்வி கேட்டிருந்தது. மேசைமேல் இருந்த லிவரை எடுத்துக் கீறலை விரலால் தடவினார். எதிரே வனமாமலை ஆள்காட்டி விரலைத் தூக்கி, ஒண்ணு, ஒண்ணு என்று வாயசைத்தார்.

“இல்லங்க,” என்றாள். “இதோட இருபத்திரெண்டு.”

அந்தப் பக்கம் ஜாஸ்மின் எதையோ எழுதுகிற சத்தம் வந்தது. வனமாமலையின் ஒற்றை விரல் இன்னும் இறங்கவில்லை.