கலயத்தில் ஏறிய அரிசி

கலயத்தின் உள்பக்கம் வேதமணி நேற்றுப் போட்டு வைத்த கரிக்கோடு அரிசிக்குள் மறைந்திருந்தது. அவன் மூடியைப் பழையபடி வைத்துவிட்டு அடுப்படியிலேயே குந்தினான்.

அது பிடியரிசிக் கலயம். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று போடுவது சபைக் குடும்பத்துப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமைதோறும் சபைக்காக ஞானதீபம் அக்கா துணிப்பையோடு வந்து வாங்கிப் போவாள். உலை வைத்தால்தான் பிடி. இந்த வீட்டில் உலை வைத்துப் பதினேழு நாளாகிறது. கரண்டு வெட்டைக் காரணம் காட்டித் தறிக்கொட்டகையில் முதலாளி ஆளைப் பாதியாக்கினார். வெளியே அனுப்பப்பட்ட பாதியில் வேதமணியும் ஒருவன்.

அன்றிலிருந்து குளத்துச் சாப்பாடுதான். பங்குனி வெயிலில் குளம் வற்றி நடுவில் மட்டும் குட்டையாகக் கிடந்தது. அவன் மனைவி சுந்தரபாய் விடிந்ததும் நார்ப்பெட்டியோடு போவாள். ஓரத்துச் சேற்றில் முழங்கை வரை விட்டுத் துழாவினால் கொட்டிக்கிழங்கு அகப்படும். குட்டைத் தண்ணீரில் வள்ளைக்கீரை படர்ந்து கிடக்கும். கணுக்காலில் அட்டை கடித்த இடமெல்லாம் சுண்ணாம்புப் பொட்டோடு திரும்பி வருவாள். கிழங்கை உப்புப் போட்டு அவித்து, கறுத்த தோலை உரித்துத் தின்றார்கள். முதல் நாள் ருசியாகத்தான் இருந்தது. நாலாம் நாளிலிருந்து மண் வாடையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரி கேட்டதற்கு, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் உபவாசம் என்று சொல்லியாகிவிட்டது.

அப்படியிருக்க, கலயத்தில் அரிசி எப்படி ஏறுகிறது?

வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிற ஆண்பிள்ளைக்கு முதலில் எந்தச் சந்தேகம் வருமோ அதுதான் அவனுக்கும் வந்தது. அதை நேற்று முழுக்க மென்றுவிட்டு, வெட்கப்பட்டு விட்டான். அடுத்து சிவகிரியில் வாத்தியாராக இருக்கும் மச்சினன் மாணிக்கராஜ் மேல் போயிற்று. அவன் வாசலை மிதிப்பதில்லை என்று வேதமணி வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னவன். அவன் அரிசி தன் வீட்டுக்குள் வருகிறதென்றால் அதைவிட மோசம் ஒன்றுமில்லை. மறுபடி மூடியைத் திறந்து ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தான். சிவப்பரிசி இருந்தது. ரேஷன் புழுங்கல் இருந்தது. பச்சரிசியும் குருணையும் கலந்திருந்தன. ஒரு வீட்டு அரிசி இப்படி இருக்காது. இது வீடு வீடாகக் கையேந்தி வாங்கிய அரிசி.

சுந்தரபாய் வந்து பெட்டியை இறக்கினாள்.

"ஏட்டி, இந்த அரிசி எங்கன இருந்து வருது?"

"எந்த அரிசி?"

"கலயத்துல உள்ளதத்தான் கேக்கேன். ஒங்க அண்ணன் குடுத்து விடுதானா?"

"அவன் குடுத்தா மூட்டையால்லா குடுப்பான். குடுத்த கையோட தெருவெல்லாம் சொல்லிட்டும் போவான். ஒங்க காதுக்கு வராமலா இருக்கும்?"

"அப்ப பிச்சை எடுக்குதியா?"

அவள் பெட்டியைக் கவிழ்த்துக் கிழங்கைத் தரையில் கொட்டினாள்.

"வள்ளைக்கீரை விக்கேன். துட்டு வேண்டாம், ஒரு கை அரிசி போடுங்கன்னு வாங்குதேன். நம்ம சபை ஆளு ஒருத்தரும் இல்லாத தெருவாப் பாத்துத்தான் போறேன்."

"அரிசிய வச்சிக்கிட்டா எனக்குக் கிழங்க அவிச்சுப் போடுத?"

"சோறு பொங்கித் தின்னுட்டு, சனிக்கிழமை வெறுங்கலயத்த நீட்டவா? கோயில்ல குடுத்தவுக பேர வாசிப்பாவ. நம்ம பேரு இல்லன்னா நாலு பேரு திரும்பிப் பாப்பாவ. பெறவு சங்கத்துல இருந்து ஒத்தாசை செய்யுதோம்னு பையத் தூக்கிட்டு வருவாவ. நீங்க வாங்கிக்கிடுவியளா?"

வாங்க மாட்டான். அது அவளுக்கும் தெரியும். அந்தத் தெரிதல்தான் அவனுக்கு எரிந்தது.

"சனிக்கிழமை அந்த அக்கா வரட்டும். இந்த வீட்டுல அரிசி இல்லன்னு நானே சொல்லுதேன்."

"சொல்லுங்க," என்றாள். "சொல்லிட்டுப் பெறவு தெருவுல எப்படி நடக்கியன்னு பாக்கேன்."

சனிக்கிழமை ஞானதீபம் அக்கா வந்தாள். ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை. "ஸ்தோத்திரம் தம்பி. இன்னைக்கும் வேலை இல்லியோ?" என்றபடி உள்ளே வந்தவளின் கண் நேராக அடுப்பில் மூடியிருந்த சட்டிக்குப் போயிற்று. இவள் வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று வேதமணிக்குத் தோன்றியது. சுந்தரபாய் சட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். ஞானதீபம் கலயத்தை எடுத்து, விரலால் கிளறினாள்.

"அரிசி பலதினுசா இருக்கே, சுந்தரபாய்."



"அதை இப்படிக் குடுங்க," என்று வேதமணி எழுந்து கலயத்தைப் பற்றினான். அக்கா விடவில்லை. இழுத்த இழுப்பில் கலயம் சாய்ந்து அரிசி தரையில் கொட்டியது.

ஞானதீபம் சட்டென்று குந்தி அரிசியைக் கூட்ட ஆரம்பித்தாள். சேலை ஒதுங்கியது. கணுக்காலுக்கு மேலே வரிசையாக மூன்று சிவந்த தடிப்புகள், ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த சுண்ணாம்பு. நகக்கண்களில் கறுப்பாகச் சேறு. தேய்த்துக் கழுவியும் போகாத அந்தச் சேற்றை வேதமணிக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக அதே சேறு படிந்த சுந்தரபாயின் நகங்கள் உரித்த கிழங்கைத்தான் அவன் தின்கிறான்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானதீபம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே குட்டையில் தினமும் இறங்குகிறவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்க முடியுமா? எத்தனை நாளாக இது நடக்கிறது? இந்த வீட்டில் அரிசி இல்லை என்று சொல்ல எழுந்தவன் குனிந்து தன் பக்கத்தில் சிதறியதைக் கூட்டிப் பைக்குள் போட்டான்.

அக்கா ஒரு மணி அரிசி விடாமல் பொறுக்கினாள். பையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன் தம்பி," என்று படியிறங்கினாள். வேதமணி வாசலில் நின்று பார்த்தான். அவள் இடது கையை வீசி நடந்தாள். கடைசிப் பிடி அரிசியைப் பொறுக்கிய வலது கை மட்டும், விரல்கள் இறுக மூடியபடி, சேலை மடிப்போடு ஒட்டியே இருந்தது. தெருமுனை திரும்பும் வரை அது திறக்கவில்லை.