இரண்டு பக்க முன்னுரை

அறுபத்தெட்டு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் ஆய்வு வழிகாட்டி தாலுக்தார் சாரின் அறையை விட்டு வெளியே வந்ததும் கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் சுதேஷ்ணாவும் மறுபடி அங்கே நிற்க வேண்டும். துறைத் தலைவரும் இருப்பார்.

எங்கள் இருவரின் ஆய்வுக் கட்டுரைகளையும் சார் மேசைமேல் பக்கம் பக்கமாக விரித்து வைத்திருந்தார். எம்.எஸ்ஸி. தாவரவியல் கடைசி ஆண்டில் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும். சுதேஷ்ணாவுடையது எங்கள் பகுதி ஏரியான லேக்கின் பாசிகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பற்றி. என்னுடையது அதே லேக்கில் வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பற்றி. உள்ளே எண்கள் வேறு, வரைபடங்கள் வேறு. முன்னுரை மட்டும் ஒன்றாக இருந்தது. இரண்டு பக்கம், வரிக்கு வரி.

சார் சுதேஷ்ணாவைப் பார்த்து மட்டுமே பேசினார். அலுவலகப் பதிவேட்டில் என் பெயர் புதன்கிழமையில் இருந்தது. படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்ததால் அவள் வியாழக்கிழமைதான் கொடுத்தாள். முதலில் கொடுத்தவர் எழுதியவர், பின்னால் கொடுத்தவர் எடுத்தவர் என்பது எங்கள் துறையின் வழக்கம். என்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை என்றார் சார். இரண்டு வருடத்தில் ஒரு பிப்பெட் வேண்டும் என்றுகூட வாய் திறந்து கேட்காத பெண், இன்னொருத்தி எழுதியதையா எடுப்பாள் என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. நான் தரையைப் பார்த்தேன். அதையும் அடக்கம் என்று நினைத்திருப்பார்.

சுதேஷ்ணாவுக்கு லக்னோவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டுரையைத் தள்ளிவிட்டால் அந்த இடம் போய்விடும், ஒரு வருடமும் போகும். படிக்கட்டில் இறங்கும்போது அவள் அழவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இது கட்டுரைகளை அடித்துத் தந்த அருள்தா செய்த குழப்பம், வேறு எப்படி நடந்திருக்கும் என்று வங்காளியில் சொன்னாள். நாளைக்குக் கடைக்குப் போவோம், நீயும் வர வேண்டும் என்றாள். நான் தலையாட்டினேன்.

அவள் அருள்தா என்று கூப்பிடும் அருள் அண்ணனின் டி.டி.பி. கடை லேக் மார்க்கெட்டில், வாழையிலை விற்பவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் முருகன் காலண்டர். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அப்பாவுக்குத் தெரிந்தவர். எங்கள் ஊர்க்காரர், தப்பில்லாமல் அடிப்பார் என்று சுதேஷ்ணாவை அங்கே கூட்டிப்போனதே நான்தான். அவளுக்குப் பிறகு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அங்கே வந்தார்கள்.

முன்னுரைக்காகப் பழைய அறிக்கைகளைப் படிக்க அலிப்பூர் நூலகத்துக்குப் போக வேண்டும் என்று சார் இருவரிடமும் சொல்லியிருந்தார். சுதேஷ்ணா ஒன்பது நாள் போனாள். பென்சிலால் குறிப்பெடுத்து, வீட்டில் உட்கார்ந்து சொந்த வாக்கியங்களாக எழுதினாள். நானும் இரண்டு தடவை போனேன். சீட்டில் புத்தகத்தின் பெயரையும் எண்ணையும் எழுதினேன். அதைக் கவுண்டரில் இருப்பவரிடம் கொடுத்து, அவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் நின்றவரிடம் அவர் என்னவோ கேட்டார், அந்த ஆள் திரும்பச் சொன்னார். வரிசையில் எனக்குப் பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். சீட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டாவது தடவையும் அப்படியே. படித்தாயிற்றா என்று சுதேஷ்ணா கேட்டபோது, ஆயிற்று என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவள் கட்டுரையை அடித்து முடித்தார்கள். புதன்கிழமை நான் போனேன். என் முன்னுரை நான்கு வாக்கியம். அருள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. இரு தங்கச்சி, சூடா காப்பி வாங்கியாறேன்" என்று தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். திரையில் ஃபைல்களின் பட்டியல் இருந்தது. சுதேஷ்ணாவின் பெயர் என் பெயருக்கு நேர் மேலே இருந்தது. எடுப்பதற்கும் ஒட்டுவதற்கும் எந்த விசைகள் என்று எனக்குத் தெரியும். அவர் திரும்பி வர ஏழு நிமிடம் ஆயிற்று. சார் முன்னுரையெல்லாம் படிக்க மாட்டார் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். காபியை நான் முழுவதும் குடித்தேன். நன்றாக இருந்தது.

சனிக்கிழமை மூன்று பேரும் அந்தத் திரைக்கு முன்னால் நின்றோம். அருள் அண்ணன் இரண்டு ஃபைலையும் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன, கை மாறி ஒட்டிவிட்டது என்றார். வேறு விதமாக அவருக்குத் தோன்றவே இல்லை. சாம்பாரையும் சட்னியையும் எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கிக்கொள்ளுங்கள் அருள்தா, எங்கள் கட்டுரையை ஏன் கலக்கினீர்கள் என்றாள் சுதேஷ்ணா. இரண்டு நாளில் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். அவரும் சிரித்தார், காது மடல்கள் சிவந்திருந்தன. கையெழுத்துப் பிரதி எங்கே என்று அவள் கேட்டாள். அடித்து முடித்த தாள்களின் பின்பக்கத்தில் அவர் மாதிரிப் பிரிண்ட் எடுப்பார், அந்த வாரத்துத் தாள்கள் குப்பைக்குப் போய்விட்டிருந்தன.

கடையின் பெயர் அச்சிட்ட தாளில் அவரே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். என் கவனக்குறைவால் ஒரு மாணவியின் பக்கங்கள் இன்னொரு மாணவியின் கட்டுரையில் சேர்ந்துவிட்டன, இருவர் மேலும் குற்றமில்லை என்று. எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ ஒரு தடவ பாத்துக் குடு தங்கச்சி. உங்க சார் முன்னால சிரிப்பா போயிடக் கூடாது."

நான் திருத்தினேன். மூன்று இடத்தில்.

எங்கள் கல்லூரியிலிருந்து இனி யாரும் இந்தக் கடைக்கு வர மாட்டார்களே என்று சுதேஷ்ணா கேட்டாள். வராவிட்டால் போகட்டும் என்று அவளிடம் வங்காளியில் சொன்னார். என் பக்கம் திரும்பி, "பதினோரு வருசத்துல இப்படி ஒரு தப்பு பண்ணதில்லம்மா. உங்கப்பா மொகத்துல எப்படி முழிப்பேன்" என்றார்.

வெளியே வந்ததும் சுதேஷ்ணாவுக்கு ஒன்று நினைவு வந்தது. அப்படியானால் உன் நிஜ முன்னுரை எங்கே, திங்கட்கிழமை அதையும் கொண்டு வந்துவிடு, சார் மாற்றி வைத்துக்கொள்வார் என்றாள். சந்தேகத்தோடு கேட்கவில்லை. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எழுதினேன். முதல் வாக்கியம் எழுதினால் அது அவளுடையதாக இருந்தது. அடித்துவிட்டு வார்த்தைகளை மாற்றினேன். வேறு சட்டை போட்ட அவளுடைய வாக்கியமாக இருந்தது. படிக்காத அறிக்கையைப் பற்றி என்ன எழுத முடியும்? அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். அவ்வளவு நேரமா படிக்கிறாய் என்று அப்பா மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். மாலையில் தாளில் ஒரு வாக்கியம் மிஞ்சியிருந்தது. மார்ச் மாதம் காலை ஏழு மணிக்குப் படகுத்துறையில் நின்று வெளிச்சத்தை அளக்கும் தட்டைத் தண்ணீருக்குள் இறக்கினேன், அறுபது சென்டிமீட்டரில் அது கண்ணுக்குத் தெரியாமல் போனது. அது மட்டும் நான் பார்த்தது.

திங்கட்கிழமை அருள் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, விபூதி. சாரின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. துறைத் தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாரிடம் கொடுத்தார். சார் கோபமாகத்தான் பேசினார். இரண்டு பெண்களின் எதிர்காலம் உமக்கு விளையாட்டா என்றார், இந்தத் துறையின் தாள் ஒன்றுகூட இனி உம் கடைக்கு வராது என்றார். அருள் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஹாங் சார்" என்று ஒப்புக்கொண்டார். சுதேஷ்ணா உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

பிறகு சார் என் பக்கம் திரும்பினார். குரல் மெதுவானது. இப்படித்தானே நடந்தது தமயந்தி, என்றார். வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை. நான் தலையசைத்தால் போதும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

சாருக்கு வங்காளியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்ல வேண்டும். தொண்டையில் இரண்டும் இல்லை. அருள் அண்ணனின் வெறும் காலைப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்க தப்பா ஒட்டல. காப்பி வாங்கப் போனப்ப நான்தான் அவளோடத எடுத்து ஒட்டினேன்."

அவர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். "கீ போல்லோ?" என்ன சொன்னாள் என்று சுதேஷ்ணா அவரைக் கேட்டாள். சாரும் அவரைத்தான் பார்த்தார். மேசைமேல் இருந்த கடிதத்தின் ஓரம் மின்விசிறிக் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது. நான் திருத்திய மூன்று இடங்களும் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன.

சுதேஷ்ணாவைப் பார்த்து, அதையே வங்காளியில் சொன்னேன்.