இரண்டாவது அடுப்பு

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மகன், அவன் மனைவி, வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி, கூப்பிடாமலே வந்து கதவில் சாய்ந்து நின்ற வீட்டுத் தரகர். தெருவில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். பேத்திகள் இருவரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் தெருவில் உண்டு, அவர்கள் யாரும் இல்லை.

புறவழிச்சாலையில் தொழிற்சாலை வந்ததிலிருந்து எங்கள் ஊரில் ஆள் பெருகிவிட்டது. தெருவில் மூன்று மொழி கேட்கிறது. கார் நிறுத்தும் இடத்தைக்கூடத் தடுத்து நான்கு பேருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். லேத் பட்டறையில் வேலை செய்யும் என் மகனுக்குத் தனி வீடு எட்டாது. நாலு பேரும் என் வீட்டின் பின்னறையில்தான் இருக்கிறார்கள். மூத்த பேத்திக்குப் பதின்மூன்று வயது. அவள் உடை மாற்ற அப்பன் தெருவுக்குப் போய் நிற்கவேண்டும். இந்த நிலையில்தான் அரசாங்கத்தின் குறைந்த விலை அடுக்குமாடிக் குலுக்கலில் அவன் பெயர் விழுந்தது. அதிகாரி வந்தது அதற்கான விசாரணைக்கு.

அவர் உட்காருவதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க வீட்ல நாப்பது வருஷமா ஒரே அடுப்பும்மா. யாரும் பிரிஞ்சதில்ல."

வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வதுதான். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரே அடுப்புன்னா ஒரே குடும்பம்னுதான் எழுதணும் ஐயா," என்றார் அதிகாரி. "வீடு உங்க பேர்ல இருக்கு. அப்ப இவங்களுக்கு வீடு இருக்குன்னு ஆயிடும். ஒதுக்கீடு ரத்து."

"போச்சு போங்க!" என்றார் சாவிக்கொத்து. "பின்னறைக்கு நாலு ஆளப் பேசி வச்சிருந்தேன். அண்ணன் வாயாலயே கெடுத்துட்டாரு."

"உன்னை யாருய்யா கேட்டா?" என்றேன் நான்.

அதிகாரி மருமகளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தனியா சமைக்கிறீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"மாமா சொன்னதுதாங்க."

உண்மை இதுதான். கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தகரத் தடுப்புக்குப் பின்னால், அவளுடைய கேஸ் அடுப்பு இருந்தது. குழம்பில் உப்பு கூடியதென்று மாமியார் சொன்ன ஒரு சொல் வளர்ந்து அங்கே போய் நின்றது. எனக்குத் தெரியாதென்று மூவரும் நினைத்திருந்தார்கள். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால், "பக்கத்து வீட்டுல இன்னைக்குச் சீக்கிரமே சமையல்" என்பேன். யாரும் மறுத்ததில்லை.

"அப்ப எழுதிடட்டுங்களா?" பேனா தாளைத் தொட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் மகனுக்கு வீடு மிஞ்சும். ஆனால் நான் சொன்னது பொய் என்று சாவிக்கொத்தின் எதிரிலேயே ஆகும். மருமகளோ என் மானத்துக்காகத் தன் பெண்களின் வீட்டை விட்டுக்கொடுத்து நின்றாள்.

"எழுதாதீங்கம்மா. பின்பக்கம் வாங்க" என்று எழுந்தேன்.

"ஏங்க, உக்காருங்க," என்றாள் மனைவி. "வெளி ஆளுங்க முன்னால என்ன இது?"

"வெளி ஆளுங்க முன்னாலதானே பொய் சொன்னேன்?"

தகரத்தை நானே இழுத்தேன். அடுப்பின் மேல் பாத்திரம் இருந்தது. அதிகாரி தொட்டுப் பார்த்து, சூடு பட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா இருக்குங்க?"

"ரெண்டு வருஷமா."

மருமகள் திகைத்துப்போனாள். "உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"எனக்கும் மூக்கு இருக்கேம்மா."

'தனிச் சமையல், தனிக் குடும்பம்' என்று எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, அதிகாரி தாளை நீட்டினார். குடும்பம் பிரிந்தது என்று எங்கள் வம்சத்தில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. துவைக்கும் கல்லின் மேல் வைத்து நான் போட்டேன்.

அதிகாரியை ஏமாற்ற அன்று காலைதான் அடுப்பை வாங்கிவந்து வைத்தேன் என்று சாவிக்கொத்து தெருவெல்லாம் என்னை மெச்சிக்கொண்டு திரிகிறார். தவறு. அந்த அடுப்பு இரண்டு வருடமாக எரிந்தது. எங்கள் குடும்பம் பிரிந்துதான் இருந்தது.