பத்துக்கு இரண்டு

…வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் இரண்டு இருக்கும் என்பார்கள், மிஞ்சினால் மூன்று, அதற்கு மேல் போகவே மாட்டார்கள், எங்கள் ஊர் கிரிம்ஸ்பிக்காரனின் கால்மேல் ரயில் ஏறிப்போனாலும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது என்றுதான் சொல்வான், இதோ அப்பா, சமையலறையில் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு இருபது நிமிடமாக டாக்டர் அலுவலகத்துக்கு முயன்றுகொண்டிருக்கிறார், எட்டு மணிக்குத்தான் எடுப்பார்கள், எட்டு மணிக்கு ஊரே கூப்பிடும். நான் மீன் ஆலையில் இரவு வேலை முடித்து, கையில் செதில் வாடையோடு வந்து நிற்கிறேன். நான்கு மணிக்கே எழுந்துவிட்டாராம். எட்டு ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தாராம். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, முகம் மட்டும் பழைய மெழுகுவர்த்தி நிறம், மேலுதட்டில் வேர்வை, எதிரே தேநீர் ஆடை கட்டிக் கிடக்கிறது. அப்பா தேநீரை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட இரண்டு கோப்பை குடித்தார், குடித்துவிட்டு, கொஞ்சம் சலிப்பா இருக்குடா என்றார், நாற்பது வருட மனைவி போனதற்கு அவ்வளவுதான், அதற்காக எத்தனை மாதம் அவரை வெறுத்தேன்…

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கம்மா,” இணைப்பு கிடைத்துவிட்டது, குரல் உடனே உற்சாகமாகிவிட்டது, “பெருசா ஒண்ணுமில்ல, சாப்பிட்டது சேரல போல, லேசா மந்தமா இருக்கு.” அவசரமா என்று அந்தப் பெண் கேட்கிறாள், எனக்கே கேட்கிறது. “சேச்சே! என்னைவிட முடியாதவங்க இருப்பாங்க, அவங்கள முதல்ல பாருங்க.” அடுத்த வியாழன் என்கிறாள். மூன்று தடவை நன்றி சொல்கிறார். வைத்த பிறகுதான் இடது கையை மெல்லத் தூக்கி மடியில் வைக்கிறார், யாருடைய கையையோ வைப்பதுபோல. “நெஞ்சுன்னு சொல்லவே இல்லையேப்பா நீ?” என்றேன். “அந்தப் பொண்ணு பாவம்டா கார்ல், காலையிலயே எத்தனை பேர் அவகிட்ட கத்தியிருப்பாங்க.” “எவ்வளவு வலிக்குது, பத்துக்கு?” கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். “ரெண்டு,” என்றார் அப்பா.

ரெண்டு. ஆஸ்பத்திரியில் பிக்கர்ஸ்கில் என்ற கிழவரும் அதைத்தான் சொன்னார். நர்சிங் படிப்பில் இரண்டாம் வருடம், வார்டில் எனக்கு முதல் வாரம், கையில் ஒரு படிவம், அதில் வலிக்கு ஐம்பது சொல் அச்சடித்திருந்தார்கள், குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா, முறுக்கிப் பிழிகிறதா… எங்கள் மொழியில் இத்தனை இருக்கிறது என்று அன்றுதான் எனக்கே தெரியும், ஒரு நோயாளிகூட ஒன்றையும் தொட்டதில்லை. கிழவரிடம் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார், பாட்டு கேட்பதுபோல. “வலின்னு சொல்ல முடியாதுப்பா. ரெண்டுன்னு போட்டுக்க.” போட்டேன். போர்வைக்கடியில் முழங்கால் இரண்டும் வயிற்றோடு மடங்கியிருந்தன, பார்த்தேன், பார்த்தும் இரண்டு என்று போட்டேன், சொன்னதை எழுது என்றுதானே வகுப்பில் சொன்னார்கள். குடல் கிழிந்திருந்தது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. தலைமை நர்ஸ் மொரீன் என்னைத் திட்டவில்லை, “இந்த ஊர் ஆம்பளைங்க சொல்றதுல அஞ்சைக் கூட்டிக்கணும், உனக்கு யாரும் சொல்லலையா?” என்றாள். யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. மீன் நல்லது, மீனிடம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டும் ஐந்தும் ஏழு. போதுமா ஏழு? அவசர எண்ணை அழுத்தினேன். “வைடா அதை!” அப்பா எழப் பார்த்தார், முடியவில்லை, எழ முடியாததை ஷூக் கயிற்றைச் சரிசெய்வதாக மாற்றிக்கொண்டார். “வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா எதிர்வீட்டுக்காரி பாட் என்ன நெனப்பா? நான் செத்துட்டேன்னு கேக் சுட்டு எடுத்துட்டு வந்துருவா. அவ கேக்கைத் தின்னாத்தான் சாவேன்.” சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது, வாய் திறந்தபடி இருந்தது. மறுமுனையில் வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். “ஒன்பது,” என்றேன், “நெஞ்சு, இடது கை, வேர்த்துக் கொட்டுது, ஒன்பது.” அவர் என்னைப் பார்த்த பார்வை… ஊர் நடுவே அவர் துணியை நான் உருவிவிட்டதுபோல.

வந்தவர்களுக்குத் தேநீர் போடச் சொன்னார். தூக்கி ஏற்றினார்கள், மார்பில் கம்பிகளை ஒட்டினார்கள், சாரா என்று பெயர்ப்பட்டை போட்ட பெண் திரையைப் பார்த்துவிட்டு ஓட்டுநரிடம் ஒரே ஒரு சொல் சொன்னாள், சைரன் போட்டான். “வலி எப்படி இருக்கு டெஸ்மண்ட்?” “பரவால்லம்மா. பையன்தான் பயந்துட்டான்.” அப்படிச் சொல்லும்போதே அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. பிடித்ததா, அது பிடியே இல்லை, துறைமுகத்தில் முப்பது வருடம் பெட்டி தூக்கிய கை, என் விரல் எலும்புகள் ஒன்றோடொன்று உரசுவது எனக்குள் கேட்டது. ஒன்பது இல்லை. பத்து. அந்தக் கை பொய் சொல்லத் தெரியாத கை. கண்ணில் நீர் கட்டிவிட்டது எனக்கு. சாரா கவனித்துவிட்டாள். “உங்க கையை நசுக்குறாரா? வலிக்குதா?” அப்பாவின் விரல்கள் சட்டென்று தளரப் பார்த்தன. ஆமாம் என்றால் விட்டுவிடுவார்… “இல்லையே,” என்றேன், “ஒண்ணுமில்ல.” பிடி மறுபடி இறுகியது. சுண்டுவிரல் உணர்விழந்துகொண்டிருக்க, வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்ப, பிக்கர்ஸ்கில் கிழவரின் முகம் வந்தது, இவ்வளவு நாள் வராத ஒன்றோடு வந்தது, அன்று படிவத்தைப் பிடித்திருந்த என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, எழுத்து கோணிக்கொண்டு போயிற்று, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் இரண்டு என்று சொன்னார்… யாருக்காகச் சொன்னார்?