துணை டெண்டர்

"கணக்கு நல்லா போடறியேம்மா. என்ன படிச்சே?"

"டிப்ளமோ சிவில், மாமா."

"அப்போ வசதியாப் போச்சு. தம்பி கம்பெனிக்கு இனிமே நீயே டெண்டர் எழுது. ஜெயிக்கிற ரேட்டை மட்டும் எழுதிடாதே, தாயே!"

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், கல்யாணமான மறுமாதம், கணவனின் அண்ணனான பெரியவர் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு சின்னவளின் காதில் இன்னும் இருந்தது. அன்று அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அரசாங்கக் கட்டட வேலை எது வந்தாலும், இந்த முறை யாருக்கு என்பதைப் பெரியவர் முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார். மற்ற ஒப்பந்தக்காரர்கள் வேண்டுமென்றே கூட்டி எழுதி, போட்டி நடந்த மாதிரி காட்டுவார்கள். அதற்குப் பெயர் துணை டெண்டர். தம்பிக்கு வாய்த்ததெல்லாம் துணை டெண்டர்தான். அண்ணன் தூக்கிப்போடும் சில்லறை வேலைகளில் குடும்பம் ஓடியது.

பள்ளிக்கூடம், நூலகம், தண்ணீர்த் தொட்டி என்று நாற்பது கட்டடங்களுக்கு அவள் செங்கல் செங்கலாகக் கணக்குப் போட்டிருக்கிறாள், தோற்பதற்காகவே. அதில் ஒன்றையாவது தானே எழுப்ப வேண்டும் என்ற ஆசை தொண்டைவரை வரும். கணவனிடம் கேட்க வாயெடுப்பாள். "காபி போடட்டுமா?" என்றுதான் வெளியே வரும்.

இப்போது குழந்தைகள் மருத்துவமனைக்குப் புது வார்டு. பெரியவர் முறை. சின்னவள் தனியாகப் போய் இடத்தை அளந்து பார்த்தாள். பெரியவர் கேட்கப்போகும் தொகையில் இரண்டு வார்டு கட்டலாம். உறைக்குள் வைக்கும் தாளில் உண்மையான ரேட்டை எழுதிக் கணவனிடம் நீட்டினாள்.

"எங்க போடணும்?" என்று வழக்கம்போல் பேனாவைத் திறந்தான்.

"இன்னிக்குப் படிச்சிட்டுப் போடுங்க."

படித்தான். "அண்ணன் தோலை உரிச்சிடுவாரு."

"யார் தோலை?"

"ரெண்டு பேர் தோலையும்தான்."

"பரவால்ல, ஒண்ணாவே உரியட்டும்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

டெண்டர் திறக்கும் நாளில் இருவரும் அலுவலகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாகத் திறந்த தம்பியின் உறையிலிருந்த தொகையைப் பொறியாளர் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. முதல் முறை யாரும் நம்பவில்லை.

பெரியவர் எழுந்து வந்து தம்பியின் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"கணக்குல தப்பு, வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதுடா. டெண்டருக்குக் கட்டின டெபாசிட் போனாப் போகட்டும். பொம்பளை போட்ட கணக்குன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"தப்பு எதுவும் இல்லை, மாமா." சின்னவள் எழுந்து நின்றாள். "அஸ்திவாரத்துலேர்ந்து கைப்பிடிச்சுவர் வரைக்கும் வரி வரியாக் கேளுங்க, சொல்றேன். அப்புறம் உங்க கணக்கையும் இதே மாதிரி வாசிங்க. நாங்களும் கேக்கறோம்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"உன் பொண்டாட்டியை உக்காரச் சொல்லுடா!"

கணவன் அண்ணனைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லு." குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"அந்த லெட்டரை எழுதாதீங்க," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இந்த வார்டை நான் கட்டணும். சைட்ல நானே நின்னு, என் கணக்குப்படி நானே கட்டணும். என்னைக் கட்ட விடுங்க."